இலண்டன் தொடர்மாடி வீடும் குறைந்துகொண்டே போகும் குத்தகையும்: 80 ஆண்டுக்குக் கீழே இறங்கும் முன் அறிய வேண்டியவை

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த பலரிடம் காணி உறுதி பத்திரமாக இருந்தது. காணிக்குள் கால்வைக்கத்தான் முடியவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் இலண்டனுக்குச் சென்று, ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் குறொய்டனிலும் இரவுபகலாக உழைத்து ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கினார்கள். அங்கே நிலைமை மறுபக்கம். வீட்டுத் திறப்பு கையில் இருக்கிறது. வீடு நிற்கும் நிலம் இன்னொருவருடையது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடர்மாடி வீடு வாங்கும் பெரும்பாலானோர் வாங்குவது அறுதி உரிமையை அல்ல, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான நீண்டகாலக் குத்தகையை. அங்குள்ளவர்கள் இதனை 'லீஸ்' என்றே சொல்வார்கள். அந்த ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. மோட்கேஜ் முழுவதையும் கட்டி முடித்தாலும் இது நிற்பதில்லை. வீட்டை விற்கவோ மறுபடி கடன் எடுக்கவோ போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அப்போது குத்தகையை நீடிப்பதற்கான செலவு பல மடங்காகியிருக்கும்.

இக்கட்டுரை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்கு மட்டும் உரியது. ஸ்கொட்லாந்தில் தொடர்மாடி வீடுகள் இந்த முறையில் விற்கப்படுவதில்லை. வட அயர்லாந்துச் சட்டம் வேறு.

குத்தகை என்றால் என்ன?

எமது ஊர்ப் பேச்சில் சொல்வதானால் ஃப்ரீஹோல்ட் என்பது அறுதி உறுதி போன்றது. நிலமும் கட்டடமும் காலவரையறையின்றி உரிமையாளருக்குச் சொந்தம். லீஸ்ஹோல்ட் என்பது குத்தகை. வயலைப் போகத்துக்குக் குத்தகைக்கு எடுப்பதுபோல, வீட்டை 99 அல்லது 125 ஆண்டுகளுக்கு எடுக்கிறோம். அக்காலத்துக்குள் அதை விற்கலாம், வாடகைக்குக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். அதனால்தான் 'எங்கட வீடு' என்ற எண்ணம் இயல்பாக வருகிறது.

ஆனால் காலம் முடிந்தால் வீடு நிலச் சொந்தக்காரருக்குத் திரும்பிவிடும். அப்போது அங்கே வசிப்பவர் வாடகை கட்டித் தொடர்ந்து இருப்பதற்குச் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் வீடு அவருக்குச் சொந்தமில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை.

இந்தக் குத்தகைக்காக ஆண்டுதோறும் நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் பணம் நிலவாடகை. கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் சேவைக் கட்டணம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எத்தனை ஆண்டு மிச்சம்?

எம்மவர்களிடையே அடிக்கடி நிகழும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. 'நான் 2003 இல் வாங்கினேன், 99 வருட லீஸ், ஆகவே 2102 வரை இருக்கிறது' என்று கணக்குப் போடுகிறார்கள். குத்தகை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. முதன்முதலில் எழுதப்பட்டபோது அதில் குறிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடுகிறது. அதே வீட்டின் குத்தகை 1985 இல் தொடங்கியிருந்தால் 2084 இல் முடிந்துவிடும். இன்று 60 ஆண்டு அளவே மிச்சம்.

கவுன்சில் வீடு வாங்கியவர்களும் கவனிக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் கவுன்சில் தொடர்மாடி வீடுகள் அதில் குடியிருந்தவர்களுக்கு விற்கப்பட்டன. அவற்றின் குத்தகை வழமையாக 125 ஆண்டுகள். 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த குத்தகைகள் இப்போதுதான் 80 ஆண்டை நெருங்குகின்றன, அல்லது கடக்கின்றன. அந்த வீட்டை முதல் வாங்கியவரிடமிருந்து பின்னர் நீங்கள் வாங்கியிருந்தாலும் கணக்கு அதே தொடக்கத் திகதியிலிருந்துதான்.

சரியான திகதியை அறிய, காணிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி உங்கள் வீட்டின் பதிவுப் பிரதியை எடுங்கள். குத்தகை எப்போது தொடங்கியது, எத்தனை ஆண்டுகள் என்பவை அதில் இருக்கும். குத்தகைப் பத்திரத்தின் பிரதியையும் எடுத்து வைத்திருங்கள். நிலவாடகை எவ்வளவு, அது எப்போது கூடும் என்பவை பத்திரத்தில்தான் உள்ளன.

80 ஆண்டு ஏன் முக்கியம்?

தொடர்மாடி வீட்டின் குத்தகையை நீடிக்கும் உரிமை 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதன்படி மிச்சமுள்ள காலத்துடன் மேலும் 90 ஆண்டுகளைக் கூட்டிப் பெறலாம். நிலவாடகையும் இல்லாமல் போகும். சட்டம் இதனை 'ஒரு மிளகு' வாடகை என்கிறது. பெயருக்கு வாடகை, நடைமுறையில் பூச்சியம். நிலச் சொந்தக்காரர் விரும்பாவிட்டாலும் இதைக் கொடுத்தே ஆகவேண்டும். பதிலுக்கு நீங்கள் ஒரு தொகையைச் செலுத்த வேண்டும்.

அந்தத் தொகையில் இரண்டு பகுதிகள் எப்போதும் உண்டு. முதலாவது, நிலச் சொந்தக்காரர் இழக்கும் நிலவாடகைக்கு ஈடு. இரண்டாவது, குத்தகை முடியும்போது அவருக்குத் திரும்பியிருக்க வேண்டிய வீட்டை மேலும் 90 ஆண்டுகள் காத்திருந்து பெறுவதற்கான ஈடு. வருங்காலத்தில் கிடைக்கும் பெறுமதியை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணக்கிடுவார்கள். தொடர்மாடி வீடுகளுக்கு இதற்கான வீதம் ஆண்டுக்கு 5 சதவீதம் என்று 2006 இல் ஸ்போர்ட்டெல்லி வழக்கில் தீர்மானிக்கப்பட்டது. இன்றும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறார்கள்.

மூன்றாவது பகுதி, மிச்சக் காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கியபின்தான் சேரும். ஆங்கிலத்தில் இதை 'மரிஜ் வலியூ' என்பார்கள். குறைந்த காலம் உள்ள வீட்டின் விலை குறைவு. காலம் நீடிக்கப்பட்டதும் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் பாதியை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும். செலவைத் திடீரென்று உயர்த்துவது இதுதான்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். நீண்ட குத்தகையுடன் 300,000 பவுண் பெறுமதியான ஒரு வீடு. நிலவாடகை ஆண்டுக்கு 100 பவுண், அது கூடுவதில்லை. நிலவாடகைக்கான வீதம் 6 சதவீதம் என வைத்துக்கொள்வோம்.

- 82 ஆண்டு மிச்சம் இருந்தால்: மரிஜ் வலியூ இல்லை. செலுத்த வேண்டியது ஏறத்தாழ 7,000 பவுண்.
- 79 ஆண்டு மிச்சம் இருந்தால்: குத்தகை குறைந்த நிலையில் வீட்டின் பெறுமதி 270,000 பவுண் எனக் கொண்டால், செலுத்த வேண்டியது ஏறத்தாழ 19,000 பவுண்.
- 70 ஆண்டு மிச்சம் இருந்தால்: அந்தப் பெறுமதி 255,000 பவுண் எனக் கொண்டால், செலுத்த வேண்டியது ஏறத்தாழ 28,000 பவுண்.

82 இலிருந்து 79 க்கு வர மூன்று ஆண்டுகள்தான். செலவு இரண்டரை மடங்குக்கு மேல். உங்கள் வீட்டின் விலை, நிலவாடகை, இடம் என்பவற்றைப் பொறுத்து எண்கள் மாறும். நிலவாடகை பத்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் குத்தகையானால் தொகை இன்னும் கூடும். ஆனால் 80 ஐத் தாண்டிக் கீழே இறங்கினால் ஏற்படும் பாய்ச்சல் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது.

பணக் கணக்கு மட்டுமல்ல. மிச்சக் காலம் 80 ஆண்டுக்குக் குறைந்தால் கடன் வழங்கும் நிறுவனங்கள் பல தயங்கத் தொடங்கும். 70 ஐ அண்மித்தால் மறுப்பவை பல. கடன் எடுக்க முடியாத வீட்டை வாங்க வருபவர்கள் குறைவு. வருபவர்களும் விலையை அடித்துக் கேட்பார்கள்.

சட்டவழி: படிப்படியாக

குத்தகை முதலில் எழுதப்பட்டபோது 21 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் பொதுவாக உங்களுக்கு இந்த உரிமை உண்டு. முன்பு வீட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த விதி 2025 ஜனவரி 31 ஆம் திகதி நீக்கப்பட்டுவிட்டது. அதனால் வீடு உங்கள் பெயருக்குப் பதிவானதும் விண்ணப்பிக்கலாம். அங்கே நீங்களே வசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

1. மதிப்பீடு. குத்தகை நீடிப்பில் அனுபவமுள்ள மதிப்பீட்டாளரிடம் தொகையைக் கணிப்பியுங்கள். நியாயமான தொகை எது, முதலில் எதை முன்வைக்கலாம் என்று அவர் சொல்வார்.

2. அறிவித்தல். சட்டத்தரணி மூலம் நிலச் சொந்தக்காரருக்குப் பிரிவு 42 அறிவித்தல் கொடுக்கப்படும். இந்த நாள்தான் கணக்குக்கான நாள். 80 ஆண்டும் சில வாரங்களும் மிச்சமுள்ளபோது அறிவித்தலைக் கொடுத்துவிட்டால், பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுபட்டாலும் மரிஜ் வலியூ சேராது.

3. முற்பணம். நிலச் சொந்தக்காரர் கேட்டால், நீங்கள் முன்வைத்த தொகையில் 10 சதவீதம் அல்லது 250 பவுண், இவற்றில் கூடியதைக் கட்டவேண்டும்.

4. எதிர் அறிவித்தல். பதில் தருவதற்கு அவருக்குக் குறைந்தது இரண்டு மாதங்கள் கொடுக்க வேண்டும். அந்தத் திகதி அறிவித்தலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். உரிமையை ஏற்று வேறு தொகை கேட்பதுதான் வழமை. அவர் பதிலே தராவிட்டால், ஆறு மாதங்களுக்குள் நீதிமன்றத்துக்குச் சென்று நீங்கள் முன்வைத்த நிபந்தனைகளின்படியே குத்தகையைப் பெறலாம்.

5. தீர்ப்பாயம். தொகையில் உடன்பாடு வராவிட்டால், எதிர் அறிவித்தல் கிடைத்து இரண்டு மாதங்களுக்குப் பின்னரும் ஆறு மாதங்களுக்கு முன்னரும் சொத்துத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதங்களைத் தவறவிட்டால் உங்கள் அறிவித்தல் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். பிறகு 12 மாதங்களுக்குப் புதிய அறிவித்தல் கொடுக்க முடியாது. அந்த இடைவெளியில் 80 ஐத் தாண்டிக் கீழே போய்விட்டால் இழப்பு உங்களுக்குத்தான். இந்தத் திகதிகளைச் சட்டத்தரணியை மட்டும் நம்பி விடாமல் நீங்களும் குறித்து வையுங்கள்.

6. நிறைவு. உடன்பட்டபின் புதிய குத்தகை எழுதப்பட்டு, பணம் செலுத்தி, காணிப் பதிவகத்தில் பதியப்படும். இதற்கும் காலக்கெடு உண்டு. வீட்டில் கடன் இருந்தால் கடன் தந்த நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

உங்கள் மதிப்பீட்டாளர், சட்டத்தரணி செலவுகளுடன், நிலச் சொந்தக்காரரின் நியாயமான மதிப்பீட்டு, சட்டச் செலவுகளையும் தற்போதைய சட்டப்படி நீங்களே ஏற்க வேண்டும். ஆனால் தீர்ப்பாயத்தில் வாதாட அவருக்கு ஆகும் செலவு இதில் சேராது.

'நேரடியாகப் பேசி முடிப்போம்' என்றால்

சட்டவழி போகாமல் நிலச் சொந்தக்காரருடன் நேரடியாகப் பேசியும் நீடிக்கலாம். சில வேளை விரைவாகவும் மலிவாகவும் முடியும். ஆனால் அவர் தரும் கடிதத்தை நன்றாக வாசிக்க வேண்டும்.

90 ஆண்டைக் கூட்டுகிறாரா, அல்லது மொத்தக் காலத்தை மறுபடி 99 க்குக் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். 75 ஆண்டு மிச்சமுள்ள வீட்டை 99 ஆக்கினால் கூடுவது 24 ஆண்டுதான். 20 ஆண்டு கழிய மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். நிலவாடகை என்னவாகிறது என்பதையும் கேளுங்கள். 2022 ஜூன் 30 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் புதிய குத்தகைகளில் நிலவாடகையைத் தடைசெய்கிறது. ஆயினும் நேரடி உடன்பாட்டில், பழைய குத்தகையின் மிச்சக் காலத்துக்கு முன்னைய வாடகையே தொடர இடமுண்டு. இன்னொன்று: வாய்ப்பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது காலம் நிற்பதில்லை. 80 ஐ அண்மித்தவர்கள் பேச்சுக்கு முன்னரே அறிவித்தலைக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கலாமா?

2024 மே 24 ஆம் திகதி புதிய சட்டம் ஒன்று அரச அங்கீகாரம் பெற்றது. அதன்படி நீடிப்பு 90 இலிருந்து 990 ஆண்டாகும். மரிஜ் வலியூ இல்லாமல் போகும். நிலச் சொந்தக்காரரின் செலவை நீங்கள் ஏற்கும் முறையும் பெரும்பாலும் நீங்கும். இதை எதிர்த்து நிலச் சொந்தக்காரர்கள் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025 ஒக்டோபரில் நிராகரித்தது. எனினும் இந்த முக்கிய பகுதிகள் இக்கட்டுரை எழுதப்படும் வேளையில் நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே முடிவு உங்கள் நிலைமையைப் பொறுத்தது.

- 80 க்குச் சற்று மேலே இருப்பவர்கள் காத்திருப்பது ஆபத்து. சட்டம் தாமதமானால் இன்றில்லாத செலவு ஒன்று சேர்ந்துவிடும்.
- ஏற்கெனவே 80 க்குக் கீழே இருப்பவர்கள், விற்கவோ கடன் எடுக்கவோ அவசரம் இல்லையென்றால் காத்திருப்பதைப் பற்றி யோசிக்கலாம். மரிஜ் வலியூ நீங்கினால் பெருந்தொகை மிச்சமாகும். ஆனால் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் காலம் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது.
- விற்க வேண்டியவர்களுக்கும், கடன் காலம் முடிந்து புதுக் கடன் எடுக்க வேண்டியவர்களுக்கும் காத்திருக்க வழியில்லை. விற்பவர் அறிவித்தலைக் கொடுத்து, அதன் பயனை வாங்குபவருக்கு மாற்றிக்கொடுக்கலாம்.
- 100 ஆண்டுக்கு மேல் மிச்சமுள்ளவர்கள் பதறத் தேவையில்லை.

அடிக்கடி எழும் கேள்விகள்

வீட்டுக்காரர் இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். என்ன செய்வது?

ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியவர்களும் உரிமையை இழப்பதில்லை. முன்பு அறிவித்தலில் குத்தகைக்காரரே நேரில் கையொப்பமிட வேண்டியிருந்தது. 2014 இல் வந்த திருத்தத்தின் பின்னர் அவர் சார்பில் சட்டத்தரணி கையொப்பமிடலாம்.

நிலச் சொந்தக்காரர் யாரென்றே தெரியவில்லை. நிலவாடகையும் யாரும் கேட்பதில்லை.

நிலத்தின் பதிவையும் காணிப் பதிவகத்தில் எடுத்துப் பாருங்கள். அதிலிருந்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து நீடிப்பைப் பெற 1993 சட்டத்தில் வழி உண்டு.

நிலத்திலும் எங்களுக்குப் பங்கு உண்டு என்றார்கள். குத்தகையைப் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். கட்டடத்தின் நிலத்தில் பங்கு இருந்தாலும் உங்கள் வீட்டின் குத்தகை தனியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பங்காளிகள் உடன்பட்டால் 999 ஆண்டுக்கு, பெருந்தொகை இல்லாமல் நீடிக்கலாம்.

வீடு இறந்துபோன அம்மாவின் பெயரில் இருக்கிறது.

முதலில் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தை முறைப்படி பெற வேண்டும். அதிகாரம் பெற்றவர் நீடிப்புக்கும் விண்ணப்பிக்க முடியுமா, எந்தக் காலத்துக்குள் என்பதைத் தொடக்கத்திலேயே சட்டத்தரணியிடம் கேளுங்கள். சகோதரங்களிடையே பங்கு பேசி முடியும்வரை குத்தகை காத்திராது.

யாரிடம் கேட்பது?

அரச நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சேர்விஸ் இலவச ஆலோசனை தருகிறது. அதன் இணையத்தளத்தில் செலவைத் தோராயமாகக் கணிக்கும் வசதியும் உண்டு. முதலில் அங்கே பாருங்கள்.

சட்டத்தரணியைத் தெரியும்போது 'தெரிந்த ஆள், தமிழில் கதைக்கலாம்' என்பது மட்டும் போதாது. வீடு வாங்கி விற்கும் வேலை வேறு, குத்தகை நீடிப்பு வேறு. இதுவரை எத்தனை நீடிப்புகள் செய்திருக்கிறார், தீர்ப்பாயம் வரை போயிருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் இல்லை. தமிழில் விளக்கம் தேவையென்றால் பிள்ளைகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அவர்களும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது.

அகதியாக வந்த இடத்தில் சேர்த்த பணத்தின் பெரும்பகுதி இந்த வீடுகளில்தான் இருக்கிறது. ஊரில் காணியைப் பறிகொடுத்தவர்கள் அறிவித்தல் எதுவும் இல்லாமல் பறிகொடுத்தார்கள். இங்கே முடிவுத் திகதி பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதைத் தள்ளிப்போடும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. இந்த வாரமே பதிவுப் பிரதியை எடுத்து, மிச்சமுள்ள ஆண்டை எண்ணிப் பாருங்கள். 85 க்குக் கீழே என்றால் மதிப்பீட்டாளரிடம் பேசுவதற்கு இதுவே நேரம்.